கணக்கு மாஸ்டரான என் குஞ்சியப்பாவுக்கு

அன்புள்ள குஞ்சியப்பா,

நீங்கள் இளைப்பாறிப் பல ஆண்டுகளாகியும் ஒழுங்கையில் போகிறவர்கள் உங்களைக் ‘கணக்கு மாஸ்டர்’ என்றே அழைக்கிறார்கள். பிள்ளைகளோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்ட உங்கள் வயதினர் பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே அவர்கள் யாரோ ஒருவரின் அப்பப்பா அல்லது அம்மப்பா மட்டுந்தான். ‘கணக்கு மாஸ்டர்’ என்ற பெயருக்குப் பங்கம் வந்துவிடும் என்று எண்ணித்தான் காதுக் கருவியை லாச்சிக்குள் வைத்திருக்கிறீர்களோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் விறாந்தையில், உங்களிடம் கணக்குப் படிக்க வரும் அந்தச் சிறுமி ‘அறுபது’ என்று சொன்ன சரியான விடை உங்களுக்கு ‘எழுபது’ என்று கேட்டது. பிழையென்றீர்கள், அவள் ஒன்றும் பேசாமல், சரியாகச் செய்த கணக்கை அழிறப்பரால் அழித்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள் பேசுகிறார்கள் என்று பிறகு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டீர்கள்.

மூப்பில் தன்னடையாளம் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் சூசன் விட்போர்ன், உடலில் மாற்றம் வரும்போது சிலர் அதை ஏற்காமல் ‘நான் பழைய ஆள்தான்’ என்று நிற்பதையும், சிலர் ஒரு சிறு குறை தெரிந்ததுமே தம்மை முற்றாக மாற்றி எண்ணிக்கொள்வதையும், வேறு சிலர் மாற வேண்டியதை மாற்றிக்கொண்டே தாம் யார் என்பதை விடாமல் வைத்திருப்பதையும் விளக்குகிறார். முதல் வழி தன்மதிப்பைக் காக்கும் என்பது உண்மை. அதனால்தான் அதை விடுவது கடினம். ஆனால் மறுக்கவே முடியாத நாள் வரும்போது, அவ்வழியில் உறுதியாக நின்றவர் ‘இனி நான் எதற்கும் உதவேன்’ என்று ஒரேயடியாக ஒதுங்கிவிடுவாரோ என்றே நான் அஞ்சுகிறேன்.

1995 ஒக்டோபரில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமமே கிழக்கே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் கரும்பலகையும் பின்னால் போய்விட்டன. கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழ், மண்ணில் தடியால் கீறி எங்களுக்குக் கேத்திரகணிதம் சொல்லித் தந்தீர்கள். மாஸ்டருக்குரிய பொருளென்று உங்களிடம் அன்று ஒன்றுமே இருக்கவில்லை. நீங்கள் மாஸ்டர் என்பதில் எங்களில் ஒருவருக்கும் ஐயமும் வரவில்லை.

மூப்பினால் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான் முதலில் மங்கச் செய்யும். என் குரல் கேட்கிறபோதும் அந்தச் சிறுமியின் குரல் தெளிவில்லாமல் போவது அதனால்தான். கருவியை அணியும் முதல் சில கிழமைகளில் பாத்திரச் சத்தமும் காகம் கரைவதும் எரிச்சலூட்டும். மூளை பழகக் காலம் எடுக்கும். முதலில் குஞ்சியம்மாவோடு பேசும்போது போட்டுப் பாருங்கள், பிறகு பிள்ளைகள் வரும் நேரத்திலும் அணியலாம். அது காதில் சரியாக இருக்காவிட்டால் சொல்லுங்கள். சரிசெய்வதற்கு நானே வந்து கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்