தேர்வறையில் குளுக்கோஸ் குற்றமா? பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். டைப் 1 சர்க்கரை நோயுடன் வாழும் ஏழாம் வகுப்பு மாணவியின் தாய் நான். இந்த நோயில் இன்சுலினை அன்றாடம் ஊசியாகப் போட வேண்டும்; போட்ட பின் சில நேரம் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும், அப்போது குளுக்கோஸ்தான் மருந்து. அரையாண்டுத் தேர்வில், கணக்குத் தாள் அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் இன்சுலின் போட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். சர்க்கரை அளவு பார்க்கும் குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பொட்டலமும் இருந்த பையை அறை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். பாதித் தேர்வில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. எழுந்து பையைக் கேட்டிருக்கிறாள். "மணி அடிக்கும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது, உட்கார்" என்று பதில் வந்திருக்கிறது.

அந்த விடைத்தாளைப் பிறகு பார்த்தேன். முதல் பக்கங்களில் அவளுடைய வழக்கமான நெருக்கமான கையெழுத்து. அடுத்த பக்கத்தில் எண்கள் கோட்டை விட்டு இறங்குகின்றன. ஒரே பெருக்கலைத் திரும்பத் திரும்பப் போட்டு அடித்திருக்கிறாள். அதன் பிறகு எதுவும் எழுதவில்லை. பக்கத்துப் பெஞ்சுப் பெண் கத்திய பிறகே குளுக்கோஸ் கைக்கு வந்தது. அப்போது மீட்டர் காட்டிய அளவு 48.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. செய்ய வேண்டியது இவ்வளவுதான். தாமதித்தால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். அந்த ஆசிரியரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. எழுத்தில் இல்லாத ஒன்றை அனுமதித்துவிட்டு நாளைக்கு விளக்கம் எழுத எந்த ஆசிரியர்தான் துணிவார்? அந்த எழுத்தைத் தர வேண்டியவர்கள் நீங்கள்.

டைப் 1 உள்ள குழந்தை, வகுப்பானாலும் தேர்வறையானாலும், மீட்டரையும் இன்சுலினையும் குளுக்கோஸையும் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம்; தேவைப்படும்போது யாரையும் கெஞ்சாமல் பயன்படுத்தலாம். இதை ஒவ்வொரு பள்ளிக்கும், அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, எழுத்துமூலம் தெரிவியுங்கள். பொதுத்தேர்வு எழுதும் இத்தகைய மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுவர சி.பி.எஸ்.இ. 2017இலேயே அனுமதித்தது. வகுப்பில் சர்க்கரை பார்க்கவும் ஊசி போடவும் இடைவேளை உணவு சாப்பிடவும் இக்குழந்தைகளை விட வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியது. எங்கள் பள்ளியில் அப்படி ஒரு கடிதத்தைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

தேர்வு நாள் மட்டும்தான் துன்பம் என்று எண்ணிவிடாதீர்கள். மதிய உணவுக்கு முன் ஊசி போட என் மகளுக்குக் கிடைக்கும் இடம் கழிப்பறை. ஈரத் தரையில் பையை வைக்க முடியாமல், இன்சுலின் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு போடுகிறாள். பெற்றோர் கூட்டத்தில், "சின்ன வயதில் இனிப்பு நிறையக் கொடுத்தீர்களா?" என்று கேட்கிறார்கள். உடலின் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தின் செல்களை அழித்ததால் வந்த நோய் இது. இனிப்புக்கும் எங்கள் வளர்ப்புக்கும் இதில் பங்கில்லை. சர்க்கரை பார்க்க ஒவ்வொரு முறை விரலைக் குத்தும்போதும் மீட்டரில் செருகும் ஒரு ஸ்ட்ரிப் செலவாகிறது. மாதக் கடைசியில் அதையும் எண்ணிக் குறைக்கும் வீடுகள் எத்தனையோ. கேரளத்தில் இக்குழந்தைகளுக்கு உதவுவதற்கென்றே 'மிட்டாயி' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. பெண் பிள்ளை என்றால் நாளைக்குக் கல்யாணம் தடைப்படும் என்று பள்ளியில்கூடச் சொல்லாமல் மறைக்கும் பெற்றோரை மருத்துவமனை வரிசையில் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்வதென்று பள்ளியில் யாருக்குத் தெரியும்?

இத்தனையையும் உங்கள் துறை ஒன்றே தீர்த்துவிட முடியாது என்பதை அறிவேன். ஆகவே உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். முழுஆண்டுத் தேர்வு தொடங்கும் முன் அந்தச் சுற்றறிக்கையை அனுப்புங்கள். அதில் தேர்வறைக் கண்காணிப்பாளருக்கென்று ஒரு பத்தி தனியாக இருக்கட்டும். பள்ளிக்கு ஓர் ஆசிரியருக்காவது சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுங்கள். ஊசி போட்டுக்கொள்ளக் கதவுள்ள ஒரு சுத்தமான இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். தங்கள் பதிலைப் பணிவுடன் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
டைப் 1 மாணவியின் தாய்