கேப்பாப்பிலவுக்கு வந்த அகதிகளும் பூட்டிக் கிடக்கும் வீடுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "எங்கட சனமே நலன்புரி நிலையத்தில (போரால் இடம்பெயர்ந்தோர் முகாமில்) கிடக்குது, இதுக்குள்ள மியன்மார்காரருக்கு ஆர் இடம் குடுக்கிறது?" என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அகதிகளை ஏற்றுக்கொள்ளச் சொல்லிச் சமயத் தலைவர்களும் பொது அமைப்புகளும் விடுக்கிற கோரிக்கைகள் எல்லாம் வெறும் மேடைப் பேச்சு என்பது அவருடைய வாதம். பலர் மனதுக்குள் வைத்திருப்பதை அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். பதிலையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

2024 டிசெம்பர் 19ஆம் திகதி வெள்ளமுள்ளிவாய்க்கால் கடலில் ஒதுங்கிய படகை முதலில் கண்டவர்கள் எங்கள் கடற்றொழிலாளர்கள். மியன்மாரிலிருந்து தப்பிவந்த முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியர், நூற்றுக்கு மேற்பட்டவர்கள், அதிலே குழந்தைகள் கனபேர். தண்ணீரும் சாப்பாடும் கொடுக்க ஓடியது கரையோரச் சனம். போர் முடிந்த கரை அது. பசி என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பிறகு கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. படகோட்டிகள் என்று 12 பேரை விளக்கமறியலுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். பார்க்கப் போன மனித உரிமைகள் ஆணைக்குழு அதிகாரிகளையே உள்ளே விடவில்லை. திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது முல்லைத்தீவில் சனம் வீதிக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற நாங்கள் அதைப் பத்திரிகையில் படித்தோம்.

கேப்பாப்பிலவில் 2017ஆம் ஆண்டு பிலக்குடியிருப்பு மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, தங்கள் காணியைக் கேட்டு இதே விமானப்படை முகாமுக்கு முன்னால் ஒரு மாதம் இரவு பகலாக இருந்தார்கள். இடம்பெயர்ந்தவனின் காணியைப் பிடித்து வைத்திருந்தவர்களின் பொறுப்பில்தான் நாடிழந்தவனும் விடப்பட்டான். இரண்டையும் இரண்டு பிரச்சினைகளாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இது ஒருமுறை நடந்து முடிந்த சங்கதி என்றும் நினைக்க வேண்டாம். 2022 டிசெம்பரில் வெற்றிலைக்கேணிக் கடலில் 104 பேருடன் ஒரு படகு வந்தது. 2017 ஏப்ரலில் காங்கேசன்துறைக் கடலில் பிடிபட்ட ரோஹிங்கியரை ஐ.நா. பொறுப்பில் கல்கிசையில் ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் பிக்குமார் முன்னால் நிற்க ஒரு கும்பல் அந்த வீட்டை முற்றுகையிட்டு, குழந்தைகளோடு அவர்களை வெளியேற வைத்தது. வாடைக் காற்றுத் தொடங்கியபின் வங்காள விரிகுடாவில் இயந்திரம் நின்றுபோன படகு எங்கள் கிழக்குக் கரைப் பக்கமாகத்தான் தள்ளப்படும். இது கடற்றொழில் செய்கிற எவருக்கும் தெரியும். இனியும் வரும்.

வந்தால் என்ன செய்வது என்பதற்கு இந்த நாட்டில் சட்டமே இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை சேரவில்லை. உள்ளே வந்தவர் உயிருக்குப் பயந்து வந்தாரா, கள்ளச்சாமான் கொண்டுவந்தாரா என்று 1948ஆம் ஆண்டுக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. வேலை செய்ய அனுமதி கிடையாது. பிள்ளைகளுக்கு அரச பாடசாலை கிடையாது. மூன்றாம் நாடு ஒன்று கூப்பிடும்வரை இருந்த இடத்தில் இருக்க வேண்டும். ரோஹிங்கியர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. 2025 மே மாதம், தமிழ்நாட்டில் அகதியாக இருந்து ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் உதவியோடு ஊர் திரும்பிய 75 வயதுப் பெரியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் வைத்துக் கைதுசெய்தது இதே குடிவரவுச் சட்டத்தைக் காட்டித்தான். உரிய கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டுப் போனாராம். குண்டுவீச்சுக்குள் கடவுச்சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்க வேண்டும் போல!

அதே மே மாதம் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், உலகத்து அகதிகளையெல்லாம் வைத்திருக்க இந்தியா ஒன்றும் சத்திரமல்ல என்று எங்கள் ஆள் ஒருவரின் வழக்கில் சொன்னார். இங்கே எவ்வளவு கொதிப்பு! நானும் கொதித்தேன். ஆனால் வாசகர் அண்ணை கேட்ட கேள்விக்கும் அந்த நீதிபதி சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று அவரே சொல்லட்டும்.

காசு கொடுத்துப் படகேறி வந்தவர்கள், பொய் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைத் தூக்கியெடுத்தவர்களும் மீன்பிடிகாரர்தான். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். வந்ததோ மேற்கு ஜேர்மனியிலிருந்து. பொய் வெளியே வந்ததும் அங்கே முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் அவர்களை இருக்க விட்டார்கள். ஏஜென்சிக்குக் காசு கட்டாமல், சொல்லித்தந்த கதையைச் சொல்லாமல் வெளிநாடு போய்ச் சேர்ந்த அகதி எத்தனை பேரை யாழ்ப்பாணத்தில் காட்டலாம்?

கோரிக்கை விடுவதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இருக்கிற பிலோவீலா என்ற சின்ன ஊரைப் பார்க்கலாம். அங்கே இருந்த தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018இல் விடியப்புறம் வந்து தூக்கிப்போய்க் கிறிஸ்மஸ் தீவுவரை கொண்டுபோய் வைத்தார்கள். ஊர்ச்சனம் விடவில்லை. கையெழுத்து வாங்கி, அமைச்சர்களுக்கு எழுதி, வழக்குக்குத் துணைநின்று, 2022 ஜூனில் அந்தக் குடும்பத்தைத் திரும்பத் தங்கள் ஊருக்கே எடுத்துவிட்டது. அவ்வளவும் செய்த அந்த வெள்ளைக்காரச் சனத்துக்கு எங்கள் மொழியும் தெரியாது, சமயமும் தெரியாது.

இனி, "எங்கட சனம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். நான் குடாநாட்டின் கிழக்குப் பக்கத்துத் தென்மராட்சிக்காரி. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் யாழ்ப்பாண நகரை நோக்கி முன்னேற, மேற்குப் பக்கத்து வலிகாமம் முழுக்க மழையில் நனைந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி வந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். அன்றைக்குத் தென்மராட்சி கதவு திறந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம், உண்மைதான். விறாந்தையில் மூன்று குடும்பம், மாட்டுக்கொட்டிலில் இரண்டு, மாமரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்த அடுப்புகள். விடிய நாலு மணிக்கே கிணறு கலங்கிப்போகும். மலசலகூடத்துக்கு வரிசை. வந்தவர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் தேங்காய்க்கும் விறகுக்கும் சண்டை வராத நாளில்லை. அந்தக் கரைச்சலோடுதான் 1996 ஏப்ரல்வரை இருந்தோம். விருந்தோம்பல் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தக் கிணற்றடிகளைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லா வாசலும் எல்லாருக்கும் திறக்கவில்லை. "எவடம்? எந்தப் பக்கத்து ஆக்கள்?" என்று படலையில் வைத்துக் கேட்டு, பதிலைப் பொறுத்து விறாந்தையா பாடசாலையா என்று முடிவுசெய்த வீடுகள் இருந்தன. குண்டுக்குப் பயந்து ஒரே பாலத்தால் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேறு பேணி, வேறு கிணறு. பிறகு ஆண்டாண்டு காலமாக மல்லாகத்திலும் கோணாப்புலத்திலும் தகரக் கொட்டில்களில் தங்கிப்போனவர்கள் யார்? வலிகாமம் வடக்கில் இராணுவம் காணியைப் பிடித்து வைத்திருந்தது ஒரு காரணம். விட்டாலும் திரும்பிப் போவதற்குச் சொந்தக் காணியே இல்லாதவர்கள் அவர்களில் பலர் என்பது அடுத்த காரணம். அவர்கள் பெரும்பாலும் எந்தச் சமூகத்தவர் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டோம். முகாம் சனத்தைக் காட்டி ரோஹிங்கியருக்குக் கதவடைக்கிறவர்கள் அந்த முகாம் சனத்துக்குத் தங்கள் ஒழுங்கையில் இரண்டு பரப்புக் காணி விற்பார்களா?

அதே ஒக்ரோபர் 30, ஐந்து வருடம் முந்தி, 1990. யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெரு ஒரே நாளில் வெறிச்சோடியது. புத்தளத்துச் சனம்தான், அவர்களும் வசதியில்லாதவர்கள், வடக்கு முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்தது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்கோ ஒரு வீட்டுக் காணி இன்று நாலு பிள்ளைகளுக்குப் பங்கு. வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வருவதற்கே அலைச்சல். ரோஹிங்கியர் முஸ்லிம்கள் என்பதால்தான் இங்கே குரல் தாழ்கிறது என்று நான் நினைக்கிறேன். இல்லையென்றால் மகிழ்ச்சி.

எங்கே வைத்திருப்பது என்ற கேள்விக்கு மட்டும் கைவசம் பதில் இருக்கிறது. மீசாலையிலிருந்து பருத்தித்துறைவரை எத்தனை மாடி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன! உரிமையாளர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். தைப்பொங்கலுக்கோ கோவில் திருவிழாவுக்கோ வந்து மூன்று கிழமை நின்றுவிட்டுப் போவார்கள்; மிச்ச நாளில் கமராவும் காவல்காரரும். அந்த வீட்டுக்காரரில் பலர் அந்த நாடுகளுக்குள் போனது அகதி விண்ணப்பம் போட்டுத்தான். அவர்களில் பத்துப் பேர் முன்வந்தால் வாடகை ஒப்பந்தம் போட்டு இருபது குடும்பங்களை வைக்கலாம். அதற்கு முதலில் முகாமுக்கு வெளியே தங்க அரசாங்கம் அனுமதி தரவேண்டும். பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வேண்டும். நிலையான வழிக்கு அகதிகள் சட்டம் வேண்டும். இவை எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் செய்யவேண்டிய வேலை. வடக்கிலிருந்து போன ஒருவராவது தனிநபர் பிரேரணையாக இதைக் கொண்டுவந்தால், பலாலியில் இறங்கப்போகிற எங்கள் சனத்தையும் சேர்த்துத்தான் அது காப்பாற்றும்.

ஜூன் 20 உலக அகதிகள் தினத்துக்கு அறிக்கை விடுகிற அமைப்புகளிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த அறிக்கையில் இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், கீழே நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். கையெழுத்துப் போடாதவர்களின் பட்டியலை ஆசிரியராகிய தாங்கள் பிரசுரித்தால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொடிகாமம்.