ரயிலை ஏற்றிச் செல்லும் கப்பல்

வைலே, டென்மார்க்
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். நாற்பது வயதை நெருங்கும் நான் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குழந்தைகளின் விளையாட்டுக் கட்டைகளுக்குச் செலவிடுகிறேன் என்று தங்கை உங்களிடம் சொல்லிவிட்டாளாம்; அது உண்மைதானா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். உண்மைதான். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய சங்கதி அல்ல என்பதாலும், இதைச் சொல்வதற்கு மரவேலை தெரிந்த உங்களைவிடப் பொருத்தமான ஆள் எனக்குக் கிடையாது என்பதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரிடமிருந்தே தொடங்குகிறேன். வைலேயிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் இருந்தார். வீடு கட்டும் தச்சு வேலைகள் செய்துகொண்டிருந்த அவர், எங்கும் தொழில் படுத்துப்போயிருந்த காலத்தில், 1932இல், மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முன்பாதிகளைச் சேர்த்து, லெகோ என்று தம் பட்டறைக்குப் பெயர் வைத்தார். அவருடைய மகன் கோட்ஃபிரெட், மர வாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திவிட்டு, செலவை மிச்சப்படுத்தியதாக ஒருநாள் பெருமையோடு வந்து சொன்னாராம். ரயில் நிலையத்துக்குப் போய்விட்ட வாத்துகளைத் திருப்பிக் கொண்டுவந்து மூன்றாவது பூச்சையும் அடித்து முடிக்கும்படி தந்தை சொல்லிவிட்டார். இந்தக் கதையைக் கேட்டபோது, உப்புத்தாள் போடாமல் நான் விட்டிருந்த அலமாரியின் பின்பலகையை நீங்கள் கழற்றச் சொன்ன நாள் நினைவுக்கு வந்தது. யாருக்கும் தெரியாத இடம்தானே என்று அன்று உங்களிடம் வாதாடினேன். கோட்ஃபிரெட் வாதாடவில்லை போலும். 1958 ஜனவரி 28 அன்று இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் அவர்தான். பொம்மை ரயில்கள் பிறந்த அந்த ஊருக்கு இன்று ரயில் கிடையாது. நானும் பேருந்தில்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கட்டையைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். மேலே குமிழ்கள், உள்ளே குழாய்கள்; கழுந்தும் துளையும்போல ஒன்றை ஒன்று பற்றிக்கொள்கின்றன. ஆனால் ஆப்பும் இல்லை, பசையும் இல்லை. பிடிப்பு முழுவதும் அளவில் இருக்கிறது. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், தகடு எனப்படும் மெல்லிய கட்டையின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கான 3.2 மில்லிமீட்டர். அச்சில் வரும் பிழை ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை என்பதால், 1958இல் செய்த கட்டையின் மேல் நேற்று வாங்கிய கட்டை ‘டக்’கென்று உட்காருகிறது. ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர். அது இரண்டு குமிழ்களின் அகலம். இந்த ஒரு கணக்கு கைவசம் இருந்தால் கட்டைகளை நிமிர்த்தி மட்டுமல்ல, பக்கவாட்டில் திருப்பி வைத்தும் கட்டலாம். கப்பலின் வளைந்த விலாவும் எஞ்சினின் மூக்கும் அப்படித்தான் உருவாகின்றன. பெட்டியோடு வரும் படத்தைப் பார்த்து அடுக்குவது ஒரு வேலை, தானே வரைந்து தானே கட்டுவது முற்றிலும் வேறு வேலை. பின்னதை, ‘என் சொந்தப் படைப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி, இங்கே ‘மாக்’ என்று அழைக்கிறார்கள்.

நான் கட்டியது ரயிலை ஏற்றிச் செல்லும் ஒரு கப்பல். கேட்பதற்குக் கற்பனைபோலத் தோன்றும். ஆனால் இந்நாட்டில் அது அன்றாட நடப்பாக இருந்தது. கோபன்ஹேகன் ஒரு தீவில் இருக்கிறது. அதற்கும் மேற்கே உள்ள ஃபூன் தீவுக்கும் இடையில் பெரும் பெல்ட் என்னும் நீரிணை குறுக்கிடுகிறது. 1997இல் பாலமும் சுரங்கமும் வழியாக ரயில் ஓடத் தொடங்கும்வரை, நியூபோர் துறைமுகத்தில் ரயில் அப்படியே கப்பலுக்குள் ஏறி, ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல் பயணத்துக்குப் பிறகு கோர்சோர் துறைமுகத்தில் இறங்கித் தன் பாட்டில் ஓடியது. தெற்கே, ஜெர்மனிக்குப் போகும் வழியில், 2019வரைகூட ரயில்கள் கப்பலேறின. 1980இல் கட்டப்பட்ட ‘டிரோனிங் இங்ரிட்’ என்ற ரயில் கப்பல் பின்னாளில் மருத்துவமனைக் கப்பலாக மாற்றப்பட்டு, ‘ஆப்பிரிக்கா மெர்சி’ என்ற பெயரில் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் அறுவை சிகிச்சை நடக்கும் இடமாகிவிட்டது. ரயில் நின்ற தளத்தில் இன்று நோயாளிகளின் கட்டில்கள் இருக்கக்கூடும் என்ற எண்ணமே என்னை அந்தக் கப்பலின் பக்கம் இழுத்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் கப்பலின் நீளம் 152 மீட்டர். பொம்மை ரயிலின் அகலத்தை எட்டுக் குமிழ் என்று வைத்து, அதே விகிதத்தில் கப்பலையும் கட்டினால் மூன்று மீட்டருக்கும் மேல் போகும்; என் அறையின் நீளமே அவ்வளவுதான். ஆகவே நீளத்தை ஒன்றரை மீட்டராகவும் அகலத்தை 32 குமிழாகவும் குறைத்துக்கொண்டு, இது எந்தக் கப்பலின் நகலும் அல்ல, அந்த இனத்தைச் சேர்ந்த ஒன்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இங்கே இப்போது மாலை நான்கரை மணிக்குள் இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வந்தால் படுக்கும்வரை ஐந்தாறு மணி நேரம் வெறுமையாகக் கிடக்கும். வந்த முதல் குளிர்காலத்தில் அந்த நேரத்தை எப்படிக் கழித்தேன் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

முகப்பில்தான் முதலில் இடறினேன். கப்பலின் இரு விலாக்களும் முன்னால் வந்து ஒடுங்க வேண்டும். ஆனால் கட்டைகளோ சதுரக் கட்டங்களுக்குக் கட்டுப்பட்டவை. கீல் வைத்துச் சுவரைச் சாய்த்தால், அதன் மறுமுனை எந்தக் குமிழின் மேலும் உட்காராமல் அந்தரத்தில் நிற்கிறது. மூன்று இரவுகள் குழம்பிய பிறகு, நீங்கள் மனையில் மூலைமட்டம் பார்க்கக் கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து என்று முடிச்சுப் போடுவீர்களே, அது நினைவுக்கு வந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கணக்கு ஐந்து, பன்னிரண்டு, பதின்மூன்று. அதை இரட்டித்து, கீலின் மையத்திலிருந்து மையத்துக்கு 26 குமிழ் நீளமுள்ள சுவரை 24 குமிழ் முன்னேயும் 10 குமிழ் உள்ளேயும் வரும்படி சாய்த்தேன். மறுமுனை சரியாக ஒரு குமிழின் மேல் போய் உட்கார்ந்தது. இரு பக்கமும் பத்துப் பத்து ஒடுங்கியபின் எஞ்சிய 12 குமிழ்தான் கப்பலின் வாய். எட்டுக் குமிழ் அகல ரயிலுக்கு அது தாராளம்.

அடுத்தது தளம் தொய்ந்தது. ரயிலின் வயிற்றில் மோட்டாரும் ஆறு மின்கலங்களும் இருக்கின்றன. அது உள்ளே நுழைந்ததும் தளம் நடுவில் இறங்கி, சக்கரம் தரைதட்டியதுபோல் நின்றுவிட்டது. குறுக்கே விட்டங்கள் போட்டு, நெடுகிலும் இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கியபிறகுதான் நிமிர்ந்தது. இதை முதலிலேயே செய்யாததற்கு நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள். இன்னொரு தொல்லை நிறத்தால் வந்தது. சாம்பல் நிறக் கட்டைகளின் சாயல் 2004இல் மாற்றப்பட்டது. பழையதில் சற்று மஞ்சள் ஓடும், புதியதில் நீலம் ஓடும். நான் மொத்தமாக வாங்கிய ஒரு விற்பனையாளர் இரண்டையும் கலந்து அனுப்பிவிட்டார். மின்விளக்கில் தெரியாத வேறுபாடு காலை வெளிச்சத்தில் தேமல் படிந்ததுபோல் தெரிந்தது. தளத்தைப் பாதி பிரித்து, பழைய சாம்பலையெல்லாம் கண்ணுக்குப் படாத அடிப்பகுதிக்கு அனுப்பினேன்.

ரயிலுக்கு இந்நாட்டின் ஐசி3 வண்டியைத் தேர்ந்தேன். இன்றும் வைலே நிலையத்தில் அதைப் பார்க்கலாம். அதன் முகத்தைச் சுற்றித் தடித்த கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறது; இரண்டு வண்டிகள் முகத்தோடு முகம் இணையும்போது ரப்பர்கள் அழுந்திக்கொள்ள, ஓட்டுநரின் மேசை கதவுபோல ஒருபக்கம் திரும்பி, பயணிகள் ஒரு வண்டியிலிருந்து மற்றதற்கு நடந்து போக வழி விடுகிறது. மேசையோடு சேர்ந்து திறக்கும் கதவை நான் வேறு எங்கும் கண்டதில்லை. மூன்று பெட்டிகளும் தனித்தனியாக நிற்காமல், அடுத்தடுத்த இரண்டு பெட்டிகள் ஒரே சக்கரவண்டியின் மேல் சாய்ந்திருக்கின்றன. பொம்மைக்கும் அது நல்லதாகவே முடிந்தது: பொம்மைத் தண்டவாளத்தின் வளைவு மிகவும் குறுகலானது, பதினாறு துண்டுகளில் ஒரு முழு வட்டம் முடிந்துவிடும், நீளப் பெட்டிகள் அதில் திரும்பும்போது முனை வெளியே துருத்திக்கொண்டு அருகிலுள்ளதை இடிக்கும். சக்கரத்தைப் பகிர்ந்துகொண்டதால் துருத்தல் வெகுவாகக் குறைந்தது. ரப்பர் முகத்துக்கு, வரிவரியான கறுப்புக் குழாய்த் துண்டுகளை வளைத்துச் செருகினேன்.

இவ்வளவையும் தூக்கிக்கொண்டு செப்டம்பரில் ஸ்கேர்பேக் என்னும் ஊருக்குப் போனேன். இத்தகைய கட்டுநர்கள் ஆண்டுதோறும் கூடித் தங்கள் வேலையைக் காட்சிக்கு வைக்கும் ஊர் அது. என்னை யாருக்கும் தெரியாத ஊரில், டேனிஷ் மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசிக்கொண்டு, என் கப்பலை விரித்தேன். துறைமுகம் ஒரு மேசையிலும் கப்பல் அடுத்த மேசையிலும் இருந்தன. இரண்டுக்கும் உயரம் ஒரு தகட்டளவு வேறுபட்டது. அந்த 3.2 மில்லிமீட்டர் படியில் முதல் சக்கரம் தடுக்கி, கூட்டத்தின் முன்னால் வண்டி தடம்புரண்டது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்போது பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர், அழைப்பிதழ் அட்டையை நான்காக மடித்து மேசைக்காலுக்கு அடியில் வைத்துவிட்டு, குனிந்து தண்டவாளத்தை ஒரு கண்ணால் பார்த்தார். நீங்கள் இழைத்த பலகையைப் பார்ப்பீர்களே, அதேபோல. அவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். நியூபோரில் நூற்றுக்கணக்கான முறை ரயிலைக் கப்பலுக்குள் ஓட்டியவர். நடந்து போகும் வேகத்தில்தான் உள்ளே விடவேண்டும் என்றும், பாரம் ஒரு பக்கம் ஏறக் கப்பல் சாயும் என்றும், சாயாமலிருக்க இருபுறத் தொட்டிகளுக்கும் இடையே தண்ணீரை மாற்றி மாற்றி இறைப்பார்கள் என்றும் சொன்னார். பிறகு அந்தக் கறுப்புக் குழாயை விரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார். மதியம் முழுவதும் அவர்தான் என் ரயிலை ஓட்டினார். அதற்குப் பிறகு இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய்வந்துவிட்டேன்.

அங்கு வந்த பலர் முதலில் கேட்டது விலையை அல்ல, வரைபடத்தை. இங்கே வரைபடத்தைப் பூட்டி வைப்பவர்களும் விற்பவர்களும் இருக்கிறார்கள். அது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் வரையப் பழகியதே இலவசமாகக் கிடைத்த கருவிகளால்தான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995இல், கட்டைகளைக் கணினியில் வரைந்து அடுக்கிப் பார்க்கும் எல்டிரா என்ற முறையை உருவாக்கினார்; ஒவ்வொரு கட்டையும் ஒரு சிறு கோப்பு, யாரும் பயன்படுத்தலாம். 1997இல் அவர் இளம்வயதிலேயே இறந்துவிட்டார். முன்பின் பார்த்திராத பலர் சேர்ந்து இன்றுவரை அதில் புதிய கட்டைகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கருவியால் வரைந்ததை மூடிவைக்க எனக்குக் கூசியது. கப்பலை 340 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் வேண்டிய கட்டைகளின் பட்டியலோடு கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

வரைவது எளிது, கணினிக்குப் பாரமும் தெரியாது, விரலும் கிடையாது. அக்டோபரில் நார்வேயிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதினார்: 212ஆம் படியில் தண்டவாளத்தைப் பொருத்தச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் 208இலேயே மேல்தளம் மூடிவிடுகிறதே, கை எப்படி நுழையும்? நான் கட்டியபோது தளத்தை இரண்டு முறை பிரித்திருந்தேன் அல்லவா, அதனால் அந்த வரிசைக்கோளாறு எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அவருடைய மாணவர்கள் ஸ்பூனின் காம்பால் தண்டவாளத்தை அழுத்திப் பொருத்தி முடித்துப் படமும் அனுப்பியிருந்தார்கள். கறுப்புக் கட்டைகள் போதாமல் விலாவைப் பச்சையில் கட்டியிருந்தார்கள். எனக்கு அதுதான் அழகாகத் தெரிந்தது. படிகளை மாற்றி எழுதி, திருத்திய பிரதியை எல்லோருக்கும் மறுபடி அனுப்ப ஒரு வாரம் பிடித்தது.

இப்போது உங்களிடம் ஓர் உதவி. ஸ்கேர்பேக்கிலிருந்து திரும்பும்போது, அட்டைப்பெட்டியின் அடிப்பகுதி விட்டுப்போய்க் கப்பலின் பின்பாதி நொறுங்கிவிட்டது. கப்பலை மூன்று துண்டாகக் கழற்றலாம். ஒவ்வொன்றும் 50 செ.மீ. நீளம், 26 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். அவற்றுக்கு ஒட்டுப்பலகையில் மூன்று பெட்டிகள் செய்யவேண்டும். இங்கே 9 மி.மீ. பலகை நன்றாகக் கிடைக்கிறது, ஓட்டுநர் தம் பட்டறையைத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அந்தத் தடிப்புக்கு மூலைகளை ஆணியில்லாமல் கோக்க முடியுமா, இல்லை உள்ளே சட்டம் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா? நீங்கள் சொல்லும் பொருத்தை ஒரு தாளில் அளவோடு வரைந்து அனுப்புங்கள். அவருக்கு எழுத்து புரியாது, படம் புரியும்.

அம்மாவுக்கும் தங்கைக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்