கேரியர் தாங்கும், கார் தாங்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நடக்கச் சிரமப்படுகிறவருக்கு மொபிலிட்டி ஸ்கூட்டரோ (உட்கார்ந்தபடி ஓட்டும் சிறிய பேட்டரி வண்டி) பேட்டரி சக்கர நாற்காலியோ வாங்கிக் கொடுத்ததோடு பல குடும்பங்கள் நிம்மதியாகிவிடுகின்றன. ஆனால் அது கூடவே வராவிட்டால் காரை விட்டு இறங்கியதும் அவர் மறுபடியும் யார் கையையாவது எதிர்பார்த்துத்தான் நிற்க வேண்டும். மடக்கும் சாதாரண நாற்காலி 15, 20 கிலோதான், டிக்கியில் போட்டுவிடலாம். மோட்டாரும் பேட்டரியும் வைத்தவற்றில் 100 கிலோவைத் தாண்டுகிறவை நிறைய, ஆள் வைத்துத் தூக்குகிற காரியமே இல்லை. அதற்குத்தான் காரின் பின்னால் மாட்டும் கேரியர், நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை.

குறை விற்கிற விதத்தில் இருக்கிறது. "எங்கள் ஸ்கூட்டரைத் தாங்குமா?" என்று கேட்டால் "தாராளமா தாங்கும்" என்கிறார்கள். சரி, கேரியர் தாங்கும், கார்? மோட்டார் வைத்து ஏற்றி இறக்கும் கேரியரே 40, 50 கிலோ வரும், அதையும் ஸ்கூட்டரோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். இந்த மொத்தப் பாரமும் காரின் பின்னால் டிரெய்லர் மாட்டுகிற கொக்கியின் மேல் அப்படியே உட்காருகிறது. ஒரு டன் டிரெய்லரை இழுக்கிற காராக இருந்தாலும் அந்தக் கொக்கி மேலிருந்து தாங்கும் பாரம் 75 கிலோவாக இருக்கலாம். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. காரின் கையேட்டில் இரண்டும் தனித்தனியாகவே போட்டிருக்கும், வாங்குவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள்தான் குறைவு. அளவு மீறினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரங்களின் பிடி குறையும், ஸ்டீயரிங் திருப்பினாலும் கார் சொன்னபடி கேட்காது.

கட்டுவதிலும் அவசரம் கூடாது. கைப்பிடியிலும் கழற்றுகிற சீட்டிலும் பெல்ட்டை மாட்டினால் குலுக்கலில் அதுவே கழன்று வந்துவிடும், அடிச்சட்டத்தில் நான்கு மூலையிலும் இழுத்துக் கட்ட வேண்டும். அதற்கு முன், தள்ளுவதற்காக நியூட்ரலில் போட்ட ஸ்கூட்டர் அல்லது நாற்காலியின் லீவரைத் திரும்ப டிரைவுக்குக் கொண்டுவந்தாயிற்றா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறைந்தால் கேரியரில் தனியாக வைக்க வேண்டும். நாற்காலியில் ஆளை உட்கார வைத்தபடி இந்தக் கேரியரில் ஏற்றவே கூடாது, இரண்டடி தூரம்தானே என்றாலும் கூடாது.

விற்கிறவர்கள் கேரியரின் சொந்த எடையை விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்திலேயே பெரிதாகப் போடட்டும், வாங்க வருகிறவரிடம் ஸ்கூட்டரின் எடையைக் கேட்கிற கையோடு காரின் மாடலையும் கேட்டுவிட்டு பில் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்