வாசலுக்கு வரும் மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் பால்வினை நோய் சிகிச்சை மையங்கள் தங்களை மாற்றிக்கொண்ட விதம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இங்கிலாந்தில் பரிசோதனைப் பெட்டி தபாலில் வந்ததையும், 2020 மார்ச் கடைசியில் கருக்கலைப்பு மாத்திரைகளை வீட்டிலேயே எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்து, 2022-இல் அது நிரந்தரமானதையும் சொல்லிவிட்டு, இங்கும் எல்லாம் வீடு தேடி வரவேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தவள் நான். பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

ஊரடங்கில், எச்.ஐ.வி. உள்ளவர்கள் தினமும் சாப்பிட வேண்டிய ஏ.ஆர்.டி. மருந்தை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். நல்ல காரியம். மாதாமாதம் ஒருநாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து வந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் வீட்டு வாசல்? நம் ஊரில் கூரியர்காரர் பெட்டிக்கடையில் பெயர் சொல்லி விசாரித்துவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைவார். பார்சலை வாங்குவது மாமியார். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்றே அடுத்த மாவட்ட மையத்தில் பதிவு செய்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். ஊரடங்கில் அவர்களைப் போலீஸ் மறித்து ‘எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி, சீட்டைக் காட்டு’ என்றால் எதைக் காட்டுவார்கள்?

போன் ஆலோசனையும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரே போன், அதில் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு. பேசிக்கொண்டே இருக்கும் பெண் திடீரென்று “சரிங்கக்கா, சிலிண்டர் வந்ததும் சொல்றேன்” என்பாள். பக்கத்தில் ஆள் வந்துவிட்டது என்று நாங்களே புரிந்துகொள்வோம். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கோ பெரும்பாலும் பென்சதைன் பென்சிலின் ஊசிதான் போட வேண்டும். அதைப் போனில் போட முடியாது. கர்ப்பிணிக்குத் தள்ளிப்போனால் வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றலாம்.

வீடு தேடி மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எச்.ஐ.வி. மருந்தையும் சேர்க்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் திண்ணையில் உட்கார்ந்தே பேசலாம். இதைப் பேச முடியுமா? ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஊழியர் வாய் திறக்கமாட்டார், சரி. யார் வீட்டு முன்னால் வண்டி நிற்கிறது என்பதைத் தெரு பார்க்குமே!

பதிவு செய்யும்போதே ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மருந்து இங்கேயா, பக்கத்து ஊர் மையத்திலா, வீட்டிலா? எந்த நேரத்தில் போன் செய்யலாம்? செய்யவே கூடாதா? அடுத்த தொற்று வரும்போது எங்கள் லேப் டெக்னீஷியன்களையும் ஆலோசகர்களையும் வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டு போகாமலும் இருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேச அந்த ஓர் அறைதான் இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் ஆலோசகர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்