மரபணுத் தரவைப் பூட்டி வைத்தால் யாருக்கு லாபம்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நம் நாட்டுப் பயிர்களின் மரபணுத் தரவு எல்லாம் வெளிநாட்டுக் கணினிகளுக்குப் போகிறது, உடனே தடுக்க வேண்டும் என்று போன வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் கோபம் புரிகிறது, மஞ்சளுக்கும் வேம்புக்கும் அந்நியர் காப்புரிமை வாங்கியதைப் பார்த்தவர்கள்தானே நாம். ஆனால் தடுத்தால் முதலில் அடிபடுவது நாம்தான்.

நாங்கள் கோத்தகிரிப் பக்கம் உருளைக்கிழங்கு போட்ட குடும்பம், இப்போது நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். 1961ல் நீலகிரியில், கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு என்ற நுண்புழு கண்டுபிடிக்கப்பட்டது, அதனால்தான் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. கிழங்கே போடாமல் விட்டாலும் கூட்டுக்குள் இருக்கும் முட்டை 20 வருஷம்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும். இதில் இரண்டு இனம் உண்டு, ஒன்றுக்கு அசையாத கிழங்கு ரகம் மற்றதற்குச் சுருண்டுவிடலாம், கூடு பழுப்பேறிய பிறகு கண்ணால் பார்த்து எது எதுவென்று சொல்வது பெரும்பாடு. போன வருஷம் எங்கள் மாணவி ஒருத்தி மண்ணைக் கழுவிச் சலித்து, கூடுகளிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, கோவைக்கு அனுப்பி வாங்கிய டி.என்.ஏ. எழுத்து வரிசையை, உலகப் பதிவுகளோடு ஒப்பிட்டுக் காட்டும் பிளாஸ்ட் என்ற இணையத் தேடலில் ஒட்டினாள். ஒரு நிமிஷத்தில் இனம் தெரிந்துவிட்டது. தேடியதற்குக் காசு? ஒரு பைசா இல்லை.

எங்கேயோ யாரோ தங்கள் வயல் புழுவின் வரிசையை முன்பே போட்டு வைத்ததால்தான் இது நடந்தது. அமெரிக்காவின் ஜென்பேங்க், இங்கிலாந்தில் ஹிங்ஸ்டனில் இருக்கும் ஐரோப்பியக் காப்பகம், ஜப்பானில் மிஷிமாவில் உள்ள டி.டி.பி.ஜே., வரிசைகளைச் சேர்த்து வைக்கும் இந்த மூன்று பொதுக் களஞ்சியங்களும் தினமும் பதிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன, பொதுப் பதிவு எதில் போட்டாலும் மூன்றிலும் கிடைக்கும். 2011ல் வெளியான உருளைக்கிழங்கு மரபணுத்தொகுப்பும் பல நாடுகள் சேர்ந்து செய்ததுதான், அதில் இந்தியாவும் உண்டு.

என் வருத்தம் நம்மவர்கள் மேல்தான். அதே தேடலில் வந்த இந்தியப் பதிவுகள் சிலவற்றில் இடம் என்ற கட்டத்தில் வெறும் 'இந்தியா' என்று இருந்தது. ஊட்டியா, இமாச்சலமா? அங்கேயும் இந்தப் புழு உண்டே! இடம் தெரியாத பதிவை வைத்துப் புழு எங்கிருந்து எங்கே பரவியது என்று எப்படிப் பார்ப்பது? இவ்வளவு பாடுபட்டு வரிசை எடுத்தவர்களுக்கு ஊர்ப் பெயரை எழுத ஒரு நிமிஷமா இல்லை?

சரி, நம் வளத்தை வைத்து மற்றவன் சம்பாதித்தால் நமக்கு என்ன என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அதற்குத்தான் 2024ல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய பல்லுயிர் மாநாடு ஒரு நிதிக்கு ஒப்புக்கொண்டது. இந்தத் தரவால் லாபம் பார்க்கும் பெரிய கம்பெனிகள் பங்கு தர வேண்டும், அதில் பாதியாவது பழங்குடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும் என்பது பேச்சு. கட்டாயம் என்று இல்லை, அது பெரிய ஓட்டை. சண்டை போடுவதென்றால் அங்கே போடுவோம், எங்கள் தோடர்களும் கோத்தர்களும் கேட்க வேண்டிய பணம் அது.

அப்புறம், 2022ல் பரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறந்திருக்கிறார்கள், அனுமதி பெற்றவர் மட்டும் பார்க்கும்படியும் அங்கே தரவை வைக்கலாம். எங்கள் மலைக் கல்லூரிகளில் பாதிப் பேருக்கு அது தெரியாது. அதில் எப்படிப் பதிவு செய்வது என்று உங்கள் மாணவர் பக்கத்தில் ஒரு கட்டுரை போடுவீர்களா?

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியை,
கோத்தகிரி