செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் நம் இசைச் சங்கத்தின் செயற்குழு ஐந்து முறை கூடியது. ஒலிபெருக்கி ஒன்று பழுது பார்க்கப்பட்டது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடைபெற்றது.

ஆண்டின் முக்கியப் பணி, சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து, சிறு சலசலப்புக்குப் பின் ஏற்கப்பட்ட ஒற்றை வயலின் தொடராகும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1720இல் தம் கையாலேயே படியெடுத்து வைத்த, துணை வாத்தியம் ஏதுமற்ற மூன்று சொனாட்டாக்களையும் (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்புகள்) மூன்று பார்ட்டிட்டாக்களையும் (நடன இசைத் தொகுப்புகள்), பிரிட்டிஷ் வயலின் கலைஞர் ரேச்சல் பாட்ஜர் சேனல் கிளாசிக்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த இசைத்தட்டுகளிலிருந்து, மாதம் ஒன்றாக ஆறு மாதங்கள் கேட்டோம். வயலின் மேதை மெனுஹின் 1930களிலேயே இவற்றை முழுமையாகப் பதிவு செய்துவிட்டாரே, நம் அலமாரியிலும் அது இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று வினவிய உறுப்பினருக்கு இங்கே விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன். பாட்ஜரின் வயலின் 1739இல் ஜெனோவாவில் செய்யப்பட்டது; அதில் குடல் தந்திகள் பூட்டி, எடை குறைந்த பழைய பாணி வில்லால், இன்றைய சுருதிக்கு ஏறத்தாழ அரை ஸ்வரம் கீழே வாசிக்கிறார். பார்ட்டிட்டாக்கள் அடிப்படையில் நடனங்கள் என்பதை மறவாத அவருடைய தாள நடையை விமர்சகர்கள் பெரிதும் பாராட்டினர். 2015இல் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கின் பாக் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 2018இல் கிராமஃபோன் இதழ் அவரை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தது. உறுப்பினர்களுக்காக விமர்சனங்களைச் சுருக்கித் தமிழில் எழுதித் தந்தேன். பாராட்டுரைகளில் அடைமொழிகள் மிகுதி. மூன்று பக்கங்களுக்குள் ‘ஒளிரும்’ என்று நான்கு முறை எழுத நேர்ந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அச்சுருக்கத்தின் நாற்பது நகல்களும் முதல் மாதமே தீர்ந்துவிட்டன. ஆனால் நான்காம் மாதம், இரண்டாம் பார்ட்டிட்டாவின் இறுதிப் பகுதியான, ஏறத்தாழ கால் மணி நேரம் நீளும் சக்கோன் ஒலித்த மாலையில், வந்திருந்தோர் ஒன்பது பேர். அவர்களில் இருவர் அரங்கக் காவலரும் அவருடைய மகனும் ஆவர். எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று அச்சிறுவன் கேட்டான். ஒருவர்தான் என்றதை நம்பாமல் ஒலிபெருக்கியின் பின்புறம் சென்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். நகலைப் படித்தே ‘அருமையான பதிவு’ என்று தொலைபேசியில் தெரிவித்த உறுப்பினர்கள் அன்று அங்கு இருந்திருக்கலாம்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமநிலையில் உள்ளன. விவரங்களைப் பொருளாளரிடம் காணலாம். இசைத்தட்டு வாங்கிய வகையில் செயலாளரின் கையிலிருந்து சென்ற தொகை மட்டும் இன்னும் கணக்கில் ஏறவில்லை. சந்தா நிலுவை வைத்திருப்போரின் பெயர்களை வாசிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பட்டியல் நுழைவாயில் மேசையில் உள்ளது.

ஒத்துழைத்த செயற்குழுவினருக்கும், அரங்கைக் குறைந்த வாடகைக்குத் தந்தவர்களுக்கும், தேநீர் வழங்கியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில், இறங்கும் நான்கே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப அடித்தளமாக வைத்து எழுந்த, இசையமைப்பாளர் பீபரின் பசகாலியா என்னும் தனி வயலின் படைப்பையும், பாக்கின் சமகாலத்தவரான டெலிமான் தனி வயலினுக்கென 1735இல் எழுதிய பன்னிரண்டு பேண்டசியாக்களையும் (கட்டற்ற கற்பனைப் போக்கிலான சிறு படைப்புகள்) கேட்க எண்ணியுள்ளேன். இரண்டையும் பாட்ஜர் பதிவு செய்திருக்கிறார். இப்பொறுப்பை ஏற்க வேறெவரேனும் முன்வந்தால் சாவியை மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிடில், ஜூன் இறுதிக்குள் சந்தா வந்து சேருமாயின், தட்டுகளை இம்முறை சங்கத்தின் பணத்திலேயே வாங்கிவிடலாம்.

இங்ஙனம்,
செயலாளர்